இருவர் ஆட்டம்: சுருவிலில் இருந்து வந்த கேள்விக்கு நமது பதில்



இம்முறை நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று மலையில் இருந்து வரவில்லை. கடலோரத்தில் இருந்து வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் சுருவில் என்று ஒரு சிற்றூர் உண்டு. பனையும் மணலும் கடற்காற்றும் உள்ள இடம். நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போன நம் ஆட்கள் அந்தத் தீவைக் கடந்துதான் போயிருப்பார்கள். நமது லயத்தில் பிறந்து வளர்ந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு சகோதரி இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

"எனக்கு ரெண்டு பையன்க. மூத்தவனுக்குப் பதினஞ்சு, சின்னவனுக்குப் பதிமூணு. ரெண்டு பேரும் பூப்பந்து நல்லா ஆடுவாங்க. பள்ளிக்கூடத்துல சேர் ரெண்டு பேரையும் சோடியாப் போட்டாரு. மூத்தவன் மாட்டேங்கிறான். 'தம்பி விடுற பிழைக்கு நான் ஏன் தோக்கணும்? தனியா ஆடினாத்தான் பேரு. தனியா ஆட முடியாதவங்கதான் சோடி சேந்து ஆடுறது'ன்னு சொல்றான். ஆசிய விளையாட்டுல ரெண்டு பேரு டென்னிஸ் ஆடி மெடல் வாங்குனதப் போன்ல பாத்தோம். அந்த மெடல் ஆளுக்கு ஒண்ணா, பாதிப் பாதியா? அவன் சொல்றது சரிதானா? நீங்கதான் எழுதணும்."

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நிற்பார்களா மாட்டார்களா என்பது அதற்குள் இருக்கிறது. ஆகவே அந்தச் சகோதரி பார்த்த அதே போட்டியை எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறோம்.

எந்தப் போட்டி அது?

சீனாவின் ஹாங்சோ நகரில் 19ஆவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 2022இல் நடக்க வேண்டிய விழா. கொரோனாவினால் ஒரு வருடம் தள்ளிப்போய், 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை நடைபெற்றது. அதில் ஆண்கள் இரட்டையர் டென்னிஸில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆடியவர்கள் இருவர். ஒருவர் சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதன், நம் மொழி பேசுகிற பிள்ளை. மற்றவர் ஆந்திராவைச் சேர்ந்த சாகேத் மைனேனி. அப்போது ராம்குமாருக்கு வயது 28, சாகேத்துக்கு 35.

முதலில் பதக்கக் கணக்கைச் சொல்லிவிடுவோம். பதக்கம் ஆளுக்கு ஒன்று. பாதி என்ற பேச்சே இல்லை. மேடையில் இரண்டு பேரும் ஏறுவார்கள், இரண்டு பேர் கழுத்திலும் முழுப் பதக்கம் விழும். நாட்டுக் கணக்கில் மட்டும் அது ஒரு பதக்கமாகவே எழுதப்படும். இரண்டு பேர் உழைப்பு, ஒரே வெற்றி.

ஆட்டம் எப்படி?

டென்னிஸ் நம் லயத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத விளையாட்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலையகத்தில் டென்னிஸ் கோர்ட்டுகள் வெள்ளைக்காரர் காலத்திலேயே இருந்தன. ஆனால் அவை துரைமாரின் கிளப்பில் இருந்தன. நம் தாத்தாமார் அங்கே போனது பந்து பொறுக்கிக் கொடுக்க. எனவே அடிப்படையில் இருந்தே சொல்வோம்.

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. நடுவில் வலை. வலையின் உயரம் நடுவில் 3 அடி, இரண்டு ஓரத்திலும் மூன்றரை அடி. ஒற்றையர் ஆடும்போது களத்தின் அகலம் 27 அடி. இரட்டையர் ஆடும்போது இரண்டு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்ந்து 36 அடியாகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆள் ஒன்றில் இருந்து இரண்டாகிறது. ஆனால் இடம் இரண்டு மடங்காகவில்லை, ஒன்பது அடிதான் கூடுகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் 27 அடியையும் காக்க வேண்டும். இரட்டையரில் ஒருவருக்கு 18 அடிதான். அப்படியானால் அது சுகமான ஆட்டமா? இல்லை. இடைவெளி குறைந்துவிட்டதால் எதிராளி பந்தைப் போடச் சின்னச் சின்ன சந்துகளைத் தேடுவார். ஒருவர் வலைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் பந்து போன வேகத்தில் திரும்பி வரும். யோசிக்க நேரம் இருக்காது. ஒற்றையருக்கு ஓடுகிற கால் முக்கியம் என்றால், இரட்டையருக்குச் சட்டென்று நீளுகிற கையும், பக்கத்தில் நிற்பவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்த மனசும் முக்கியம்.

இதனால்தான் இரட்டையர் ஆட்டத்தில் வயதானவர்களும் நிலைத்து நிற்கிறார்கள். காப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகு நாட்டில் இருந்து வந்த ரோகன் போபண்ணா, 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மத்தேயு எப்டனுடன் சோடி சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 43. அந்த வயதில் உலக இரட்டையர் வரிசையில் முதல் இடத்துக்கும் வந்தார். தனியாக ஆட முடியாதவர் ஒதுங்குகிற இடம் என்றால் அதற்கு இப்படி ஒரு மதிப்பு எங்கிருந்து வரும்?

நடுவில் வரும் பந்து யாருடையது?

இரட்டையர் ஆட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓரத்தில் வரும் பந்து யாருடையது என்பதில் சந்தேகமில்லை. இருவருக்கும் நடுவே வரும் பந்துதான் வில்லங்கம். இரண்டு பேரும் பாய்ந்தால் மட்டையும் மட்டையும் மோதும். "நீ எடு" என்று இருவரும் விட்டால் பந்து நடுவாலே போய்விடும்.

அதனால் நல்ல சோடிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் பேசிக்கொள்வார்கள். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுவார். நான் இந்தப் பக்கம் பாய்வேன், நீ அந்தப் பக்கம் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். புள்ளி போனாலும் கையில் கை தட்டிவிட்டுத்தான் அடுத்த பந்துக்குப் போவார்கள். அது சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். "உன் பிழையை நான் மனசில் வைக்கவில்லை" என்று சொல்லும் வழி அது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டு தெரியும். கோடு மறித்து நிற்பவன் தன் கோட்டை விட்டு ஆசையில் ஓடினால், அந்த இடைவெளியால் எதிராளி உள்ளே புகுந்துவிடுவான். நமக்கோ கொழுந்து நிரை தெரியும். பக்கத்து நிரைக்காரி பின்தங்கினால் நாலு செடி கைகொடுத்து எடுத்துவிட்டு மேலே ஏறுவோம். அவள் பிந்தினாள் என்று மலையில் நின்று சண்டை பிடித்தால் இரண்டு பேர் கூடையும் நிறையாது. இரட்டையர் ஆட்டமும் இதே ஒழுங்குதான்.

ஹாங்சோவில் நடந்தது என்ன?

இப்போது கதைக்கு வருவோம். அந்த விழாவில் இந்தியாவின் முதல் நம்பிக்கை ராம்குமாரும் சாகேத்தும் அல்ல. போபண்ணாவும் யூகி பாம்ப்ரியும்தான். தங்கம் அவர்களுக்கே என்று பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் ஆரம்பச் சுற்றிலேயே உஸ்பெகிஸ்தானின் செர்கி போமின், குமோயுன் சுல்தானோவ் சோடியிடம் அவர்கள் தோற்றுப் போனார்கள். முதல் செட்டை 6-2 என்று எடுத்தவர்கள், அடுத்ததை 3-6 என்று விட்டு, கடைசியில் 6-10 என்று இழந்தார்கள். பெரிய பெயர் இருந்தும் அன்றைக்கு ஆட்டம் கூடி வரவில்லை.

மிச்சம் இருந்தது ராம்குமாரும் சாகேத்தும். ஒற்றையர் பிரிவில் ராம்குமாருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. இரட்டையரில் கால் இறுதியில் அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? சொந்த மண்ணில், சொந்தச் சனத்தின் முன்னால் ஆடிய சீனாவின் வூ யீபிங்கும் சாங் சிசெனும். வூ யீபிங் அதே 2023இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பட்டம் வென்று, உலகத் தொழில்முறைச் சுற்றில் ஒற்றையர் பட்டம் எடுத்த முதலாவது சீன ஆடவர் என்ற பெயர் பெற்றவர். சாங் சிசென் அந்த விழாவிலேயே ஒற்றையர் தங்கம் வென்றவர். தனித்தனியே பார்த்தால் இருவரும் மலை மாதிரி. ஆனால் ராம்குமார், சாகேத் சோடி அவர்களை நேர் செட்டில் வென்றது. அதிலும் முதல் செட் 6-1.

மூத்த மகன் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆசியாவிலேயே தனியாக ஆடித் தங்கம் எடுத்தவர், சோடியாக ஆடும்போது ராம்குமாரிடமும் சாகேத்திடமும் தோற்றிருக்கிறார். தனி ஆட்டம் வேறு திறமை, சோடி ஆட்டம் வேறு திறமை. ஒன்று பெரிது மற்றது சிறிது என்று வரிசை போட முடியாது.

பத்துக்குச் சைபர்

அரை இறுதியில் தென் கொரியாவின் குவோன் சூன் வூ, ஹோங் சியோங் சான் இருவரும் எதிரே வந்தார்கள். செப்டம்பர் 28ஆம் திகதி நடந்த ஆட்டம். முடிவு 6-1, 6-7, 10-0. பத்திரிகையில் இப்படிப் போட்டால் நம்மில் பலருக்குப் புரிவதில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறோம்.

டென்னிஸில் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு கேம். கேம்கள் சேர்ந்தால் ஒரு செட். இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம் எடுத்தவருக்கு அந்த செட். 6-1 என்றால் முதல் செட் இந்தியாவுக்குச் சுலபமாக வந்தது என்று அர்த்தம். இரண்டாவது செட்டில் இரு பக்கமும் ஆறுக்கு ஆறு என்று நின்றுவிட்டது. அப்போது டை-பிரேக் என்ற ஒரு தீர்ப்பு ஆட்டம் வைப்பார்கள். அதில் இரண்டு புள்ளி முன்னால் இருந்தபடி முதலில் ஏழைத் தொடுகிறவருக்கே செட். அதைக் கொரியா 8-6 என்று எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டை முழுசாக ஆடாமல், முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறவர் வெற்றி என்று இங்கே முடிவு செய்வார்கள்.

கையருகே வந்த வெற்றியை இரண்டு புள்ளியில் நழுவ விட்ட சோடியின் மனநிலை எப்படி இருக்கும்? "அந்தப் பந்தை நீ எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்று ஒரு வார்த்தை வாயில் வந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முறிந்திருக்கும். ஆனால் ராம்குமாரும் சாகேத்தும் அடுத்த பத்துப் புள்ளிகளையும் வரிசையாக எடுத்தார்கள். எதிராளிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பத்துக்குச் சைபர். அந்த அளவு ஆட்டத்தில் இது அபூர்வம்.

எதிரே நின்ற குவோனின் கதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. தென் கொரியாவில் ஆண் பிள்ளைகள் கட்டாயம் இராணுவ சேவை செய்ய வேண்டும். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால் அதில் இருந்து விலக்கு உண்டு. அவ்வளவு பாரம் அவர் தோளில் இருந்தது. சில நாட்களுக்கு முன் ஒற்றையர் ஆட்டத்தில், உலக வரிசையில் 600க்கும் கீழே இருந்த தாய்லாந்தின் கசிடிட் சம்ரேஜிடம் அவர் தோற்றார். ஆத்திரத்தில் மட்டையைத் தரையில் அடித்து அடித்து நொறுக்கினார். கைகுலுக்க வந்தவரின் கையையும் தொடவில்லை. உலகமே அந்தக் காட்சியைப் பார்த்தது. பின்னர் தன் கைப்படக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். தோல்வி எல்லாருக்கும் வரும். அதை நொறுக்கிக் காட்டுவதால் ஒரு புள்ளியும் திரும்பி வராது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 29ஆம் திகதி. சீனத் தாய்பேயின் ஜேசன் ஜங், சூ யூ சியோ சோடி 6-4, 6-4 என்று வென்று தங்கம் எடுத்தது. நம்மவர்களுக்கு வெள்ளி. இருவரும் ஒன்றாகவே தோற்றார்கள், ஒன்றாகவே மேடை ஏறினார்கள்.

சோடி முறிந்தால்

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. இந்தியாவில் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி என்று ஒரு சோடி இருந்தது. 1999இல் உலகின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளிலும் இறுதி ஆட்டத்துக்கு வந்து, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். ஆசிய விளையாட்டில் 2002இல் பூசானிலும் 2006இல் தோகாவிலும் தங்கம் எடுத்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷியச் சோடியிடம் கடைசி செட்டை 14-16 என்று இழந்து நான்காம் இடத்தோடு திரும்பினார்கள்.

ஆனால் இருவருக்கும் இடையில் மனக்கசப்பு வளர்ந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தபோது, பயஸுடன் ஆட மாட்டேன் என்று பூபதி சொன்னார். போபண்ணாவும் மறுத்தார். கடைசியில் பூபதியும் போபண்ணாவும் ஒரு சோடி, பயஸும் இளம் வீரர் விஷ்ணு வர்தனும் இன்னொரு சோடி என்று இரண்டு அணி போனது. இரண்டும் இரண்டாம் சுற்றோடு வெளியேறின. யார் சரி, யார் பிழை என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. உலகத்தரமான ஆட்டக்காரர்கள் இருந்தும் பதக்கம் வரவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு.

அதே பயஸ், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 19 வயதுப் பையனாக இருந்தார். அவருக்குச் சோடியாக நின்றவர் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரை இறுதிக்கு வந்த ராமநாதன் கிருஷ்ணனின் மகன். ரமேஷுக்கு அப்போது 31 வயது. பெயரும் அனுபவமும் உள்ளவர். "இந்தச் சின்னப் பையனோட பிழைக்கு நான் ஏன் தோக்கணும்?" என்று அவரும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருவருமாக ஆஸ்திரேலியாவின் ஜோன் பிட்ஸ்ஜெரால்ட், டொட் வுட்பிரிட்ஜ் சோடியை வென்று கால் இறுதி வரை போனார்கள். இன்னும் ஒரு ஆட்டம் வென்றிருந்தால் பதக்கம். நான்கு வருடம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அந்தப் பையன் ஒற்றையரில் வெண்கலம் எடுத்தார். மூத்தவரோடு தோள் சேர்த்து ஆடியது அவருடைய தனி ஆட்டத்தைக் குறைத்துவிடவில்லை.

சுருவில் சகோதரிக்கும் பிள்ளைகளுக்கும்

சகோதரி, உங்கள் மூத்த மகன் தனியாக ஆட ஆசைப்படுவது பிழையில்லை. அவன் தனியாகவும் ஆடட்டும். ஆனால் சோடி ஆட்டத்தைக் குறைவாக நினைத்து அதை விட்டுவிட வேண்டாம் என்று நாங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள். தம்பி விடுகிற பிழைக்கு அவன் தோற்பான் என்பது உண்மைதான். அவன் விடுகிற பிழைக்குத் தம்பியும் தோற்பானே, அதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி எடுக்கிற புள்ளி அவனுக்கும் சேரும்.

அடுத்த முறை களத்தில் இறங்கும் முன் மூன்று காரியம் செய்யட்டும். நடுவில் வரும் பந்து யாருக்கு என்று முதலிலேயே பேசி வைக்கட்டும். புள்ளி போனால் முகத்தைச் சுளிக்காமல் கையைத் தட்டட்டும். பிழையைப் பற்றிய பேச்சை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். அதுவும் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகு.

மலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே. டென்னிஸுக்கு மட்டையும் களமும் பயிற்சியும் என்று நிறையப் பணம் வேண்டும். அது இன்றைக்கு நமக்கு எட்டவில்லை என்பது நியாயமான மனக்குறைதான். ஆனால் இரண்டு கம்பும் ஒரு வலையும் இருந்தால் பூப்பந்து இரட்டையர் ஆடலாம். லயத்து வாசலில் ஒரு பலகை இருந்தால் கரம் சோடி ஆடலாம். கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

சுருவில் பிள்ளைகளே, போட்டி முடிந்ததும் முடிவை எங்களுக்கு எழுதுங்கள். வென்றாலும் எழுதுங்கள், தோற்றாலும் எழுதுங்கள். கடிதத்தின் கீழே அண்ணன், தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை.